ஊர் கூடி வரைந்த உலகப் படம்



நிலப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படந்தான். கடலுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு, நாடுகளுக்கு ஒவ்வொரு வண்ணம். அந்தப் படத்தில் நம் நாட்டைக் காட்டலாம், மாநிலத்தைக் காட்டலாம். நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தைக் காட்டச் சொன்னால் விரல் வைக்க இடமிருக்காது. அப்படியானால் நிலப்படத்தை வரைந்தவர்கள் யார்? யாருக்காக வரைந்தார்கள்? எதைச் சேர்த்தார்கள், எதை விட்டுவிட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது ஒரு புதுமையான வரலாறு நமக்குக் கிடைக்கிறது. சம்பளம் வாங்காத இலட்சக்கணக்கான மக்கள் சேர்ந்து உலகத்துக்கே ஒரு படம் வரைந்தார்கள். அதற்கு வேண்டிய கணினிக் கருவிகளைத் தாங்களே செய்து, திருத்தி, தத்தம் மொழிகளிலும் பெயர்த்தார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கவிருக்கிறோம்.

முன்னாளில் நிலப்படம் அரசாங்கத்தின் கைப்பொருளாகவே இருந்தது. படை நடத்தவும், வரி வசூலிக்கவும், எல்லை பிரிக்கவும் அது வேண்டியிருந்தது. பிரிட்டனில் ‘ஆர்ட்னன்ஸ் சர்வே’ எனப்படும் நில அளவைத் துறை 1791-ஆம் ஆண்டில் தொடங்கியது. பிரெஞ்சுப் படை கடல் தாண்டி வந்துவிடுமோ என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். ‘ஆர்ட்னன்ஸ்’ என்ற சொல்லுக்கே பீரங்கி முதலிய படைக்கலங்கள் என்பதுதான் பொருள்.

அதே பிரிட்டிஷ் ஆட்சி 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கத் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி அந்த வேலைக்குத் தலைமை தாங்கினார். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் அளவைப் பணிக்கு அதுவே தொடக்கம். அந்தப் பணிக்கென வந்த ‘தியோடலைட்’ என்னும் கோணமானி அரை டன் எடை கொண்டது. 1808-ஆம் ஆண்டில் அதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே கயிறு கட்டி ஏற்றியபோது, அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே பழுது பார்த்தார். லாம்டனின் பெயர் வரலாற்றில் நின்றது. சங்கிலி பிடித்தவர்கள், கொடி தூக்கியவர்கள், கயிறு இழுத்தவர்கள் ஆகியோரின் பெயர்களைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

நம் நாட்டிலும் இதே கதைதான். காட்டை அழித்துக் கித்தா போட்ட காலத்தில் அளவைக்காரர்கள் முன்னே வந்தார்கள். நம் முன்னோர் பின்னே வந்தார்கள். தோட்டத்தின் படம் துரையின் அலுவலகத்தில் இருந்தது. எந்த நிரை எங்கே முடிகிறது, எந்த ஓடை மழைக்குப் பெருகும், இருட்டில் எந்தப் பாதை வழியாக நடந்தால் கடைத்தெருவுக்குச் சீக்கிரம் போகலாம் என்பதெல்லாம் மரம் வெட்டுகிறவர்களின் நினைவில் இருந்தது. ஒன்று காகிதத்தில் இருந்தது. மற்றொன்று காலடியில் இருந்தது. இரண்டும் ஒன்றுசேர வழியில்லாமல் நெடுங்காலம் கழிந்தது.

கணினி வந்த பிறகாவது நிலைமை மாறியதா என்றால், உடனே மாறிவிடவில்லை. காகிதப் படம் கணினிக்குள் போனதே தவிர, அதற்கு விலையும் பூட்டும் முன்போலவே இருந்தன. பிரிட்டனில் மக்களின் வரிப்பணத்தில் அளந்த விவரங்களை அந்த மக்களே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. படத்தைக் கையாளும் கணினி மென்பொருளும் அப்படித்தான். அதை விற்கும் நிறுவனம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டாது. பிழை இருந்தால் நாம் திருத்த முடியாது. நம் மொழியில் வேண்டுமென்றால் நிறுவனத்துக்கு மனம் வர வேண்டும்.

இதை நாம் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புத்தகம் கிராணியின் மேசையில் மூடிக் கிடந்தால், நமக்கு எத்தனை நாள் பேர் விழுந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதைத் திறந்து வைத்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம். தவறு இருந்தால் சுட்டிக் காட்டலாம். மென்பொருளின் உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை எல்லாரும் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமை அளித்தால், அதற்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். இந்த எண்ணத்துக்கு வலுவூட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983-ஆம் ஆண்டில் ‘குனூ’ என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். வாங்கியவர் அதே உரிமையோடு பிறருக்கும் கொடுக்க வேண்டும் என்ற ‘ஜி.பி.எல்.’ உரிமத்தின் முதல் வடிவம் 1989-இல் வெளிவந்தது.

நிலப்படத் துறையிலும் இந்தக் காற்று வீசியது. அமெரிக்க இராணுவத்தின் பொறியியல் ஆய்வுக்கூடம் ஒன்று 1982 முதல் ‘கிராஸ்’ என்ற மென்பொருளைச் செய்து வந்தது. தன் நிலங்களைப் பராமரிப்பதற்காக அது செய்துகொண்ட கருவி அது. 1990-களின் நடுவில் ஆய்வுக்கூடம் அந்தப் பணியைக் கைவிட்டது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் அதை எடுத்து வளர்த்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் நேடெலர் முன்னின்று உழைக்க, 1999-இல் அது ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வந்தது. ‘கிராஸ்’ என்றால் ஆங்கிலத்தில் புல். வெட்ட வெட்டத் தழைக்கும் புல்லைப்போல அதுவும் தழைத்தது.

2002-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் ‘கியூஜிஸ்’ என்று இன்று அழைக்கப்படும் மென்பொருளைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதற்கு ஒரே வகைத் தகவலைத் திரையில் காட்டத்தான் தெரியும். பல நாட்டுத் தன்னார்வலர்கள் கைகொடுத்ததால் 2009 ஜனவரியில் அதன் முதலாம் பதிப்பு முழு உருவம் பெற்று வெளிவந்தது.

கருவி தயார். படத்துக்கு வேண்டிய விவரம் எங்கிருந்து வரும்? அதற்கும் காலம் கனிந்தது. நாம் நிற்கும் இடத்தைத் துணைக்கோள்களின் உதவியால் சொல்லும் ‘ஜி.பி.எஸ்.’ முறையை அமெரிக்க இராணுவம் உருவாக்கியிருந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதுவரை ஏறக்குறைய நூறு மீட்டர் வரை தவறிய கணக்கு, சில மீட்டர்களுக்குள் சரியாக வரத் தொடங்கியது. பையில் ஒரு சிறு கருவியைப் போட்டுக்கொண்டு நடந்தால், நடந்த வழி கோடாகப் பதிந்துவிடும். காலடியில் இருந்த அறிவு படத்துக்குள் ஏற இப்படி ஒரு வழி பிறந்தது.

2004-ஆம் ஆண்டில் இலண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்ற மாணவர் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். திறந்த தெருப்படம் என்று நாம் சொல்லலாம். அவரவர் ஊரை அவரவர் வரைவோம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்போம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 2006 மே மாதத்தில் ஏறக்குறைய 40 பேர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வைட் தீவில் கூடினார்கள். நடந்தும், மிதிவண்டியிலும், காரிலும் தீவைச் சுற்றி ஒரு வார இறுதியிலேயே அதன் பெரும்பாலான சாலைகளைப் பதிவு செய்தார்கள். நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்று சொல்கிறோமே, அதே கூட்டுப்பணிதான் அது.

இந்தப் படத்தின் கட்டமைப்பு மிக எளிது. ஒரு கிணறு என்றால் ஒரு புள்ளி. சாலை என்றால் புள்ளிகளை இணைக்கும் கோடு. பேருந்து செல்லும் தடம்போலப் பல கோடுகள் சேர்ந்தால் அது ஓர் உறவு. ஒவ்வொன்றின்மேலும் ‘இது பள்ளி’, ‘இதன் பெயர் இன்னது’ என்று சீட்டு ஒட்டுவதைப்போலக் குறிப்பு எழுதலாம்.

இதில் கண்டிப்பான விதி ஒன்றும் உண்டு. பிறர் விற்கும் படத்தைப் பார்த்து வரையக் கூடாது. நேரில் கண்டதை, அறிந்ததை, அனுமதி பெற்ற துணைக்கோள் படத்தில் தெரிவதை மட்டுமே சேர்க்க வேண்டும். தேர்வில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதக் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போன்றது இது. இந்த நேர்மைதான் படத்தைக் காப்பாற்றியது. 2010 ஏப்ரலில் பிரிட்டிஷ் நில அளவைத் துறையே தன் விவரங்களில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு நெடுநாளாகக் குரல் கொடுத்தவர்களோடு, இந்தத் தன்னார்வலர்கள் செய்து காட்டிய வேலையும் சேர்ந்துகொண்டது.

இனி மொழிபெயர்ப்புப் பணிக்கு வருவோம். ஆங்கிலம் அறிந்தவர் மட்டும் வரைந்தால், ஆங்கிலம் அறிந்தவரின் ஊர் மட்டுந்தான் படத்தில் வரும். எனவே திரையில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் பல மொழிகளில் தர வேண்டியதாயிற்று. மென்பொருளின் வாசகங்களைத் தனிப் பட்டியலாகப் பிரித்து இணையத்தில் வைப்பார்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொரு வரியாகத் தத்தம் மொழியில் எழுதுவார்கள், மற்றவர்கள் சரிபார்ப்பார்கள்.

கேட்பதற்கு இது எளிய வேலைபோலத் தோன்றும். உண்மையில் இது மென்பொருளையே செப்பனிடும் வேலையாகும். ஆங்கிலத்தில் மூன்றாம் பக்கத்தை முதலில் சொல்லி, மொத்தம் பத்து என்பதைப் பின்னால் சொல்வார்கள். தமிழிலோ பத்தில் மூன்று என்கிறோம். எண்களை ஆங்கில வரிசையிலேயே பூட்டி வைத்திருந்தால் தமிழ் வாக்கியம் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை என்று இரண்டு வடிவம் உண்டு. மலாயில் எண்ணுக்கேற்பச் சொல் மாறாது. அரபு மொழிக்கோ ஆறு வடிவங்கள் வேண்டும். இவற்றையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் சுட்டிக் காட்டும்போது, நிரல் எழுதுவோர் அடிப்படையையே திருத்த வேண்டியிருக்கிறது. ஒரு மொழிக்காகத் திருத்தினால் பத்து மொழிகளுக்கு வழி திறக்கிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். திட்டம் இங்கிலாந்தில் பிறந்ததால், உள்ளே எல்லாப் பாதைக்கும் ‘ஹைவே’ என்றே பெயர். பழைய ஆங்கில வழக்கில் பொதுமக்கள் செல்லும் எந்த வழிக்கும் அச்சொல் பொருந்தும். நமக்கோ ஹைவே என்றால் டோல் கட்டிச் செல்லும் நெடுஞ்சாலை. தோட்டத்துச் செம்மண் பாதையும், ஒற்றையடிப் பாதையும் கணினியின் உள்ளே ஹைவேதான். உள்ளே இருக்கும் சொல்லை மாற்றாமல், வெளியே தெரியும் சொல்லை மட்டும் அந்தந்த மொழிக்கு ஏற்பக் காட்டினார்கள். உலகம் முழுவதற்கும் கணக்கு ஒன்றாக இருக்க, பார்ப்பவர் கண்ணுக்கு அவரவர் மொழி தெரிகிறது.

எழுத்திலும் சிக்கல் இருந்தது. ‘தோட்டம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘தோ’ என்பதில் இரட்டைக் கொம்பு முன்னால் வர வேண்டும். கால் பின்னால் வர வேண்டும். இந்த இலக்கணம் அறியாத மென்பொருள் குறிகளை இடம் மாற்றிப் போட்டுவிடும். இந்தப் படத்தைத் தீட்டும் ‘மாப்னிக்’ என்ற மென்பொருளில் தொடக்க ஆண்டுகளில் இந்திய மொழி எழுத்துகள் சரியாக அமையவில்லை. 2015-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு, எழுத்துகளை முறையாகக் கோக்கும் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற மற்றொரு திறந்த மூலக் கருவியைச் சேர்த்துக்கொண்டது. ‘ஹார்ஃப்பஸ்’ பாரசீகச் சொல். திறந்த எழுத்து என்பது அதன் பொருள். வேறொரு குழு செய்த கருவி இந்தக் குழுவுக்கு உதவியது. திறந்து வைத்த வீட்டில் பண்டமாற்று எளிது அல்லவா?

இவ்வளவு உழைப்பும் பொழுதுபோக்குத்தானா என்று யாரேனும் கேட்டால், அதற்கு ஹைத்தி நாடு பதில் சொல்லும். 2010 ஜனவரி 12-ஆம் நாள் அந்த ஏழை நாட்டின் தலைநகரான போர்ட்டோ பிரின்ஸ் அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. கட்டடங்கள் சரிந்தன, எண்ணற்றோர் மாண்டனர். மீட்புப் படையினர் வந்து இறங்கினர். எந்தத் தெரு எங்கே போகிறது என்று சொல்லும் நல்ல படம் அவர்கள் கையில் இல்லை. துணைக்கோள் நிறுவனங்கள் புதிய படங்களை வெளியிட்டன. ஹைத்தியைக் கண்ணால் கண்டிராத பல நூறு தன்னார்வலர்கள், தத்தம் வீட்டிலிருந்தே இரவு பகலாக அவற்றின் மேல் தெருக்களை வரைந்தார்கள். இடிந்த கட்டடங்களையும், மக்கள் கூடாரம் அடித்த இடங்களையும் குறித்தார்கள். சில நாள்களிலேயே அந்தப் படம் மீட்புப் படையினரின் கைக்கருவிகளில் ஏறியது. அதே ஆண்டில், பேரிடர்க் காலங்களில் படம் வரைவதற்கென ‘ஹாட்’ என்ற தன்னார்வலர் அமைப்பு முறையாகத் தோன்றியது.

பலர் ஒரே இடத்தில் வரைந்தால் குழப்பம் வரும். அதற்கு அவர்கள் கண்ட முறை நமக்குப் பழக்கமானது. காலைப் பிரட்டில் மண்டோர் ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரித்துக் கொடுப்பார். அதுபோல நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒருவருக்கு ஒரு சதுரம் கொடுத்தார்கள். ஒருவர் வரைந்து முடித்ததை அனுபவமுள்ள மற்றொருவர் சரிபார்ப்பார். 2013-இல் பிலிப்பீன்ஸைத் தாக்கிய ஹையான் புயலின்போதும், 2015-இல் நேப்பாள நிலநடுக்கத்தின்போதும் ஆயிரக்கணக்கானோர் இம்முறையில் உழைத்தார்கள். அதே 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது, நீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே இந்தப் படத்தின் மேல் குறித்து ஒருவரையொருவர் எச்சரித்தார்கள்.

நம் அண்டை நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இன்னும் நெருக்கமானது. ஜாக்கர்த்தா நகரம் ஆண்டுதோறும் வெள்ளத்துக்கு ஆளாகிறது. 2012-இல் அந்நகரின் 267 கெலுராஹான் வட்டாரங்களிலிருந்தும் தலைவர்களையும் ஊழியர்களையும் அழைத்து உட்கார வைத்தார்கள். இந்தோனேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் கணினிமுன் அமர்ந்தார்கள். வட்டாரத்தை அறிந்தவர்கள் பள்ளி, மருந்தகம், பள்ளிவாசல், எல்லை ஆகியவற்றைச் சொல்லச் சொல்ல, மாணவர்கள் படத்தில் சேர்த்தார்கள். கியூஜிஸ் மென்பொருளோடு இணைந்து இயங்கும் ‘இனாசேஃப்’ என்ற கருவியும் அந்நாட்டில் உருவாயிற்று. வெள்ளம் இவ்வளவு ஏறினால் எத்தனை பேர், எத்தனை பள்ளிகள் பாதிக்கப்படும் என்று அது இந்தோனேசிய மொழியிலேயே கணக்கிட்டுச் சொல்லும். பெரியவர்களின் அறிவும், இளையோரின் கைத்திறனும், தாய்நாட்டு மொழியும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. சம்பளமில்லாமல் உழைப்பவர்கள் ஒருபுறம். அந்தப் படத்தை எடுத்துப் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் மறுபுறம். பாலைச் சேர்த்தவர் ஒருவர், பணத்தைச் சேர்த்தவர் இன்னொருவர் என்ற கதையை நாம் நன்கு அறிவோம். இதுவும் அப்படித்தானா?

இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் இந்தப் படத்தால் இலாபம் அடைகின்றன. ஆள் வைத்துப் படத்தில் வேலையும் செய்கின்றன. ஆனால் 2012 முதல் நடப்பிலுள்ள உரிமம் ஒரு வேலி போட்டிருக்கிறது. யார் பயன்படுத்தினாலும் இது மக்கள் வரைந்தது என்று சொல்ல வேண்டும். இந்த விவரத் தொகுப்பைத் திருத்திப் பொதுவில் பயன்படுத்தினால், திருத்தியதையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும். எவரும் தமக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்ள முடியாது. கிணற்றில் எவரும் நீர் இறைக்கலாம். கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எனினும், எந்தச் சாலையில் பொருள் விற்கலாமோ அந்தச் சாலையைத்தான் வியாபாரம் முதலில் பார்க்கும். தோட்டத்து லயத்துக்குப் போகும் பாதையை அங்கு வாழ்பவர்தான் வரைய வேண்டும்.

நேயர்களே, நம் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. இன்று நாட்டின் நிர்வாகத் தலைநகராக விளங்கும் புத்ராஜெயா, முன்பு பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த மண்ணில் எழுந்தது. தோட்டங்களுக்கு ஏட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருந்தது. நம் மக்கள் வாயில் தமிழ்ப் பெயர் வேறொன்று இருந்தது. ஏட்டுப் பெயருக்குக் காகிதம் சாட்சி. வாய்ப் பெயருக்குச் சாட்சி நம் பாட்டன் பாட்டிமார்தாம். அவர்கள் கண்ணை மூடினால் அந்தப் பெயரும் மறைந்துவிடும்.

திறந்த தெருப்படத்தில் ஓர் இடத்துக்குப் பல மொழிகளில் பெயர் எழுத வசதி உண்டு. தமிழுக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. உள்ளூர் மக்கள் வழங்கும் வேறு பெயரையும் எழுதலாம். பழைய பெயரையும் எழுதலாம். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவர் கைப்பேசியோடு தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கோயில், தமிழ்ப் பள்ளி, இடுகாடு, ஆற்றுப் பாலம், மழைக்காலத்தில் மூழ்கும் பாதை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இடங்களைக் குறிக்க வேண்டுமே தவிர, எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று எழுதக் கூடாது. இடித்துத் தள்ளப்பட்டு இன்று இல்லாத லயத்தை இந்தப் படத்தில் சேர்ப்பது முறையன்று. அதற்கென ‘ஓப்பன் ஹிஸ்டாரிக்கல் மேப்’ என்ற வரலாற்றுப் படம் தனியாக இருக்கிறது. ஆங்கிலமும் தமிழும் ஓரளவு அறிந்தவர்கள் மென்பொருளின் வாசகங்களைத் தமிழில் பெயர்க்கலாம். நாளுக்குப் பத்து வரி என்றாலும் ஆண்டுக்கு மூவாயிரத்தைத் தாண்டும்.

2013-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தத் திட்டத்தில் பதிந்துகொண்டவர்கள் பத்து இலட்சம் பேர். இன்று அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அன்று சங்கிலி பிடித்தவர்களுக்குப் பெயர் இல்லை. இன்று ஒரு பாலத்தைக் குறித்தாலும், குறித்தவர் தமக்கென வைத்துக்கொண்ட பெயரும் நாளும் ஏட்டில் பதிகின்றன. நம் தோட்டத்துப் பாதையை அறிந்தவர்கள் நாம்தாம். பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, அந்தப் பெயர்களை எழுதி வைப்போம்.